பள்ளத்துக்கு முன்னால் ஒரு மேடு

என் இடது தோள் எலும்பு முறிந்தது ஒரு பகல் வேளையில், ஓமலூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தனியார் இரும்பாலையின் ஸ்கிராப் கேட்டில். என்னை அடித்தவனுக்கு என்மேல் எந்தக் கோபமும் கிடையாது. வேறொருவர் மண்டையைக் குறிவைத்து அவன் ஓங்கிய டயர் லிவர், நடுவில் புகுந்த என்மேல் இறங்கிவிட்டது. இன்றும் அந்தக் கையைத் தூக்கி என்னால் சரியாகத் தலைபின்ன முடிவதில்லை.

பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி ஊற்றும் ஆலை அது. எடை மேடைக்கு முன்னால், லாரிகள் நுழையும் வழியின் இரண்டு பக்கமும், ஆளுயரத்துக்கு மேல் மஞ்சள் நிறத்தில் இரண்டு பெட்டிகள் நிற்கும். டிரைவர்கள் அவற்றை மஞ்சத்தூண் என்பார்கள். கதிரியக்கத்தை உணரும் கருவிகள் அவை. நான் இயற்பியல் படித்தவள். அதற்கான பயிற்சியும் எடுத்து, அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலையாக இருந்தது.

மூடிப்போன ஆலைகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் பழைய இரும்போடு சேர்ந்து ஒரு கதிரியக்கப் பொருள் வந்துவிடலாம். கட்டைவிரல் அளவு உருளை போதும். அது உலைக்குள் விழுந்தால் உலை கெட்டது, புகைத்தூசி கெட்டது, அன்றைக்கு ஊற்றிய கம்பி அத்தனையும் கெட்டது. அந்தக் கம்பி யாரோ ஒருவர் வீட்டுத் தளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் இவ்வளவு காவல்.

ஆனால் கருவி ஒருபோதும் பூஜ்யம் காட்டாது. சேலத்துக் கல்லிலும் மண்ணிலும் கதிர்வீச்சு இருக்கிறது. வானத்திலிருந்தும் வருகிறது. நம் உடம்புக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. அந்த ஓயாத இரைச்சலுக்குள் ஒரு சின்ன முனகலைத் தேடுவதுதான் வேலை. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்பு ஏற்றிய லாரி நடுவில் வந்து நின்றால், தரையிலிருந்து வரும் கதிர்களை அந்த இரும்பே மறைத்துவிடும். அதனால் எந்த லாரி வந்தாலும் திரையில் கோடு பள்ளமாக இறங்கும். பலவீனமான பொருள் எதுவும் அந்தப் பள்ளத்துக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். கிரானைட் துண்டும் உலைச்செங்கல்லும் கலந்து வந்தாலோ, ஆபத்து எதுவும் இல்லாமலேயே அலாரம் அலறும்.

அங்கே எதுவும் மெல்ல நடக்காது. கிரேனில் தொங்கும் காந்தம் டன் கணக்கில் இரும்பை அள்ளிக்கொண்டு போய்ப் பொத்தென்று போடும்போது என் அறைக் கண்ணாடி அதிரும். வெட்டும் இயந்திரம் கார் கதவைக் காகிதம்போல் நறுக்கும். கையைக் கிழித்துக்கொள்ளாமல் எவரும் ஷிப்டு முடித்ததில்லை. வரிசையில் முந்துவதற்காக டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வதும், மண்டை உடைவதும் வழக்கம். நான் திருப்பி அனுப்பிய லாரிக்காரர் ஒருவர் போகிற போக்கில் வேண்டுமென்றே தூணை இடித்துச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாசலில் நான் நிறுத்திய ஒவ்வொரு வண்டியும் எனக்கு ஒரு சண்டை.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் நீண்டிருந்தது. அந்த லாரியில் ஒடிந்த போர்வெல் ரிக் பைப்புகளும், பழைய தறிச் சாமான்களும், நசுக்கிய தகரக் கட்டுகளும் இருந்தன. டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். தூண்களுக்கு நடுவே வண்டி நுழைந்ததும் அலாரம் அடித்தது.

அவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க அம்மணி, எதாச்சுங் கோளாறுங்களா?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. பின்னால எடுத்து மறுக்கா ஒருக்கா மெதுவா வாங்க."

மறுபடியும் அடித்தது. திரையைப் பார்த்தேன். வழக்கம்போல் பள்ளம் இருந்தது. ஆனால் பள்ளம் இறங்குவதற்கு முன்னால், ஒரு சின்ன மேடு. ஒரு ஆள் பெருமூச்சு விட்டதுபோல் எழும்பி அடங்கியிருந்தது. பாரம் ஏற்றிய பகுதி வருவதற்கு முன்பே, கேபின் கடக்கும் நேரத்தில் வந்த மேடு. இரண்டு தடவையும் அதே இடம். அப்படியென்றால் பொருள் லோடில் இல்லை, கேபினுக்குள் இருக்கிறது.

வண்டியைத் தூண்களுக்கு அப்பால், ஆலை வளாகத்துக்குள் நிறுத்தச் சொல்லி அவரை இறங்கச் சொன்னேன். கைக்கருவியோடு நான் கேபினில் ஏறியதும் அவர் முகம் மாறியது. எதுவும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்து, சுவரோரம் போய்த் தள்ளி நின்றுகொண்டார். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். டூல் பெட்டி, தண்ணீர்க் கேன், சோத்துப் போசி, சாமி படத்துக்குப் பின்பக்கம், எல்லாவற்றையும் பார்த்தேன். வெறும் மண்ணும் கல்லும் தருகிற அளவைத் தாண்டி ஒரு துளிகூட இல்லை.

அதற்குள் அடுத்த லாரிக்காரன் ஆரன்மேல் கையை வைத்து அழுத்தத் தொடங்கிவிட்டான். நல்ல உயரமும் அகலமுமான ஆள். அன்று காலையில் இந்த டிரைவரும் அவனும் ஒரே டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்ததை நான் பார்த்திருந்தேன்.

"ஏம்மா, எத்தன நேரந்தான் வெயில்ல காயறது?" என்று கத்தினான். "உலைல போட்டா எல்லாந் தண்ணியாத்தாம் போவுது. இதுல என்ன சல்லடை போட்டுச் சலிச்சுக்கிட்டு இருக்கற?"

எங்கள் ஆலையின் போர்க்லிப்ட் ஓட்டுநரைக் கூப்பிட்டு, அதே லாரியைத் தூண்களுக்கு நடுவே ஓட்டிவரச் சொன்னேன். அலாரம் அடிக்கவில்லை. கோடு நேராக வந்து, பள்ளத்தில் இறங்கி, ஏறிப் போனது. மேடு இல்லை.

எனக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. சில வியாதிகளுக்குக் கதிரியக்க மருந்தையே குடிக்கக் கொடுப்பார்கள். குடித்தவர் உடம்பு வாரக்கணக்கில் இப்படிக் கருவியை எழுப்பும். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் நேரில் பார்த்ததில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லக் கேட்கலாம் என்று எழுந்தேன்.

செக்யூரிட்டி சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெங்கவல்லிப் பக்கத்துக்காரர். அந்த மாதம் ஆலையில் அடுத்தடுத்துச் செம்புக் கம்பி திருடு போயிருந்ததில், எல்லாப் பழியும் அவர் தலையில் விழுந்து நிர்வாகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆத்திரத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"அவன் எறங்கனா அடிக்கல. அப்படின்னா மடியில வச்சிருக்கான்," என்றார்.

"சார், இருங்க. அது அப்படி இல்லீங்க."

அவர் காதில் விழவில்லை. லத்தியை எடுத்துக்கொண்டு, இரண்டு காவலாளிகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கைக்கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"டேய், என்னாத்தடா மடியில சொருவி வச்சிருக்க? எடுடா!"

"சார், தொடாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன், தொடாதீங்க."

லத்தி அவர் முழங்காலில் விழுந்தது. அவர் மடங்கினார். அடுத்த அடி முதுகில். காவலாளிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து முறுக்கினார்கள். அவர் அடங்கவில்லை. தலையாலேயே சூப்பர்வைசரின் முகத்தில் முட்டினார். சூப்பர்வைசரின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ரத்தத்தைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்கு வெறி ஏறிவிட்டது. சட்டையைக் கிழித்தார், வேட்டியை உருவினார். கீழே தள்ளி, பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார். "தொடாதீங்க, தொடாதீங்க" என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாகக் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தார்.

துண்டு வந்துவிட்டது. கழுத்தின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும், இன்னும் சிவப்பு மாறாத அறுவைத் தழும்பு. என் கையிலிருந்த கருவி, நான் கிட்டப் போகப் போகக் கொரகொரவென்று சத்தமிட ஆரம்பித்தது.

"உடுங்க அவர! அவருகிட்ட ஒண்ணும் இல்ல, உடுங்க!" என்று சூப்பர்வைசரின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அந்த நேரத்தில்தான் வரிசையில் நின்றிருந்த டிரைவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். தங்கள் ஆள் ஒருவனை ஆலைக்காரர்கள் துணியை உருவிப் போட்டு மிதிக்கிறார்கள் என்பது மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. முன்னால் வந்தவன் அந்த உயரமான ஆள்தான். கையில் டயர் லிவர். "எங்க டிரைவர்மேலயே கைய வைக்கறயா?" என்று கத்திக்கொண்டு சூப்பர்வைசரின் தலைக்கு ஓங்கினான். நான் சூப்பர்வைசரின் தோளைப் பிடித்திருந்தேன். லிவர் என் தோளில் இறங்கியது.

மரக்கிளை முறிகிற சத்தம்போல எனக்குள்ளேயே கேட்டது. விழுந்து கிடந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். காவலாளி ஒருவனை இரண்டு பேர் கம்பிவேலியில் வைத்து அழுத்தி அறைந்தார்கள். என் கண்ணாடி அறை நொறுங்கியது. கணினித் திரையை யாரோ தூக்கிவந்து தரையில் அடித்தார்கள். சூப்பர்வைசரை நடுவில் போட்டு மிதித்தார்கள். அவர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு புழுப்போலச் சுருண்டிருந்தார். உயரமான ஆள் அந்த டிரைவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்தி, லாரி டயரில் சாய்த்து, தன் தோள்துண்டை அவர் இடுப்பில் சுற்றிவிட்டான்.

"என்னடா எடுத்த? எதுக்குடா உன்னய அடிக்கறானுவ?"

அவர் வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை உண்மையிலேயே திருடியிருப்பாரோ என்று இரண்டொரு முகங்களில் சந்தேகம் ஓடியது. அது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"அவரு ஒண்ணும் எடுக்கலீங்க! கழுத்துல ஆபரேசன் பண்ணியிருக்கறாங்க. ஆஸ்பத்திரில கதிரியக்க மருந்து குடுத்திருக்கறாங்க. மிசின் அதுக்குத்தான் அடிச்சுது. வேற ஒண்ணுமே இல்லீங்க!"

கைகலப்பு நின்றது. அவ்வளவு வேகமாக ஒரு கூட்டம் அடங்கி நான் பார்த்ததில்லை. உயரமான ஆள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"அய்யோ, நா அவனக் கட்டிப்புடிச்சுத் தூக்குனனே!"

ஒரு எட்டு பின்னால் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். "ஒட்டிக்குமாடா?" என்று யாரோ கேட்டார்கள். "காலைல ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சண்டா. சொன்னானா பாரு. நோவ வச்சுக்கிட்டு ஊரெல்லாஞ் சுத்தறான்," என்றான் அவன்.

"நோவு ஒட்டாதுங்க, அவருகிட்ட இப்ப இருக்கறது ரொம்பக் கொஞ்சம்," என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. டிரைவர் அவனை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். ஏதோ சொல்லத்தான் வந்தார். "கிட்ட வராத!" என்று கத்திக்கொண்டே அவன் குனிந்து, பக்கத்தில் கொட்டிக் கிடந்த உடைந்த உலைச்செங்கல் ஒன்றை எடுத்து எறிந்தான்.

முதல் கல் நெஞ்சில் பட்டது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமிருந்தும் வந்தன. அவரைக் காப்பாற்ற வந்த அதே ஆட்கள். அவர் டயரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ஒரு கல் புருவத்தைப் பிளந்தது. விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. அப்போதும் அவர் யாரையும் திட்டவில்லை.

கைக்கருவி என் பக்கத்தில் கிடந்தது. வலது கையால் அதை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அருகிலிருந்த செங்கல் குவியலில் வைத்தேன். அந்தச் செங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. கருவி கொரகொரவென்று இரைந்தது. பாருங்கள், நீங்கள் தினமும் உட்கார்ந்து பீடி குடிக்கிற கல்லிலும் இது இருக்கிறது, பயப்பட எதுவும் இல்லை என்று புரியவைப்பதுதான் என் எண்ணம்.

"இந்தக் கல்லுலயும் அடிக்குதுங்க, பாருங்க!" என்றேன்.

அவர்களுக்கு வேறுவிதமாகப் புரிந்தது. கையிலிருந்த செங்கல்லைப் பாம்பை உதறுவதுபோல் உதறினார்கள். "கல்லுக்கும் ஏறிருச்சுடா!" என்று ஒருவன் அலறினான். கூட்டம் கேட்டை நோக்கி ஓடியது. கல் விழுவது நின்றது. நின்ற காரணம் முழுக்கத் தப்பு. ஆனாலும் நின்றது.

முன்வாசலை லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. சூப்பர்வைசரைக் காவலாளிகள் மோட்டார் பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். என்னைக் கூட்டிப்போக ஆலைக் கார் இருந்தது. அதன் ஓட்டுநர் தள்ளி நின்றபடியே, "மேடம், நீங்களும் அவனுக்குக் கிட்டத்துல இருந்தீங்களே," என்று இழுத்தார். வலியில் எனக்கு வாந்தி வந்தது.

"அம்மணி, ஏறுங்க. ஓமலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கிழிந்த சட்டையும் வேட்டியுமாக அந்த டிரைவர் நின்றிருந்தார். புருவத்தில் துண்டை அழுத்திக் கட்டியிருந்தார். கேபின் படியில் என்னால் ஏற முடியவில்லை. அவர் கை நீட்டினார், உடனே பின்னால் இழுத்துக்கொண்டார். நானே அந்தக் கையைப் பிடித்து ஏறினேன். இரும்பு பாரத்தோடேயே லாரி பின்வாசல் வழியாக வெளியே போனது. ஒவ்வொரு குழியிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

"மருந்து குடுத்து எத்தன நாளாச்சுங்க?" என்று கேட்டேன்.

"மாசம் தாண்டிருச்சுங்க. கழுத்துல கட்டின்னு எடுத்தாங்க. கேன்சருன்னாங்க. ஓனருக்குச் சொல்லலீங்க. சொன்னா வண்டியக் குடுக்க மாட்டாரு. அந்தத் தூணு இதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. கேபின்ல நீங்க மிசின வெச்சப்பத்தான் சுருக்குன்னுச்சு. ஆஸ்பத்திரிலயும் இதே மாதிரி மிசினத்தான் கழுத்துக்கிட்ட வெச்சுப் பாத்தாங்க."

"அடிக்கறப்ப, எதுக்குத் தொடாதீங்க தொடாதீங்கன்னீங்க?"

"அவுங்களுக்கு ஒட்டிக்குமுன்னுதானுங்க."

அவரே சொன்னார். வெண்ணந்தூர்ப் பக்கம் அவர் வீடு. மூன்று வயதில் ஒரு பெண். புள்ளையத் தூக்காதீங்க, தள்ளிப் படுங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஊட்டுல இருந்தா மடிக்கு ஓடியாந்துருங்க. அதுக்குத்தான் தையல் ஆறுனதும் வண்டி ஏறிட்டேன். ஊட்டுப் பக்கமே போறதில்லீங்க. இதுலதான் படுத்துக்கறேன். ஒருக்கா வாசல் வரைக்கும் போனேன். ஓடியாந்துச்சு. கதவச் சாத்துன்னு பொண்டாட்டியக் கத்திப்போட்டு வந்துட்டேன்."

"எத்தன நாளைக்குத் தள்ளி இருக்கோணும்னாங்க?"

"அது கேக்கலீங்க."

"அதெல்லாங் கொஞ்ச நாளைக்குத்தானுங்க. அந்தக் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு. எங்க மிசினு ரொம்ப நுணுக்கமானது, அதனாலதான் அடிச்சுது. டாக்டரையும் ஒருக்கா கேட்டுக்கங்க. ஆனா இன்னிக்கே புள்ளைய நீங்க தூக்கலாங்க."

அவர் லாரியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். ஸ்டியரிங்கைக் கை முஷ்டியால் குத்தினார். திரும்பத் திரும்பக் குத்தினார். ஆரன் விட்டுவிட்டு அலறியது. புருவக்கட்டு நழுவி ரத்தம் கன்னத்தில் வடிந்தது. "இத ஆருமே எனக்குச் சொல்லலீங்களே," என்றார். பிறகு கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

எனக்குத் தோளில் கட்டுப் போட்டார்கள், அவருக்குப் புருவத்தில் தையல். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்து அவர் மனைவிக்குப் போன் போட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

செய்தி லாரி ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பரவியது. மறுநாளே ஓனர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஆலையில் என்னிடம், அந்த டிரைவர்தான் முதலில் கை நீட்டினார் என்று வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார்கள். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சூப்பர்வைசர் தலையில் கட்டோடு வந்து வேறொன்று சொன்னார். பிறகு அவரை வேறு ஆலைக்கு மாற்றிவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த உயரமான ஆளும் வந்திருந்தான். என்னைக் கண்டதும், "தெரியாமப் பட்டுருச்சுங்க," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கல் எறிந்தது யார் என்று இன்ஸ்பெக்டர் டிரைவரிடம் கேட்டார்.

"எனக்கு ஆரையும் அடையாளந் தெரியாதுங்க."

"முன்னால நின்னு எறிஞ்சிருக்காங்க, தெரியாதுன்னா?"

"கண்ணுல ரத்தம் உழுந்துருச்சுங்க."

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் அந்த உயரமான ஆள் எங்களுக்காகக் காத்திருந்தான். நன்றி சொல்லத்தான் நின்றான் என்று நினைக்கிறேன். டிரைவர் நேராக அவனிடம் போனார். கையை ஓங்கி, அவன் கன்னத்தில் ஒரே அறை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நினைத்திருந்தால் அந்த ஒல்லி உடம்பை ஒரே கையால் தூக்கி எறிந்திருக்கலாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து, நின்றிருந்த ராசிபுரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பஸ் கிளம்பியதும் அந்த ஆள் பக்கத்திலிருந்த குழாயடிக்குப் போனான். குனிந்து கன்னத்தைக் கழுவினான். சட்டை நனைய நனையக் கழுவினான்.

நான் கிட்டப் போய், "அதெல்லாம் ஒட்டாதுங்க," என்றேன்.

"தெரியுமுங்க," என்று சொல்லிவிட்டு, இன்னொரு கை தண்ணீர் பிடித்தான்.